லல்லி யார், பப்பி யார்?

தமிழ் சினிமாவில் இரட்டை வேடத்தில் வெளுத்து வாங்கியது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். சிவாஜி என்பார்கள், எம்.ஜி.ஆர். என்பார்கள், கொஞ்சம் இளையவர்கள் கமல் என்பார்கள். என்னைக் கேட்டால் யோசிக்காமல் குட்டி பத்மினி என்பேன். 1965-ல் ஏ.வி.எம். எடுத்த ‘குழந்தையும் தெய்வமும்’ படத்தில் லல்லியாகவும் பப்பியாகவும் வந்தாரே, அந்தக் குட்டி பத்மினி! அப்போது அவருக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. இன்றைக்கும் அந்தப் படத்தை எங்கே போட்டாலும் நான் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அவ்வளவு பிடிக்கும்.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பணக்கார வீட்டுப் பெண் ஜமுனா, வசதியில்லாத ஜெய்சங்கரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்கிறார். ஜெய்சங்கரின் மாமியாராக வரும் ஜி.வரலட்சுமியின் அதிகாரத்தில் குடும்பம் உடைகிறது. இரட்டைப் பெண் குழந்தைகளில் ஒன்று அப்பாவோடும் ஒன்று அம்மாவோடும் போய்விடுகிறது. தனக்கு ஒரு கூடப்பிறந்தவள் இருக்கிறாள் என்பதே தெரியாமல் வளரும் அந்த இரண்டும் ஒருநாள் நேருக்கு நேர் சந்திக்கின்றன. முதலில் சண்டை. அப்புறம் உண்மை புரிகிறது. அதற்கப்புறம் இரண்டும் சேர்ந்து போடுகிற திட்டம்தான் படத்தின் உயிர்: இவள் அவள் வீட்டுக்கு, அவள் இவள் வீட்டுக்கு. பெரியவர்கள் யாரிடமும் மூச்சு விடக் கூடாது!

இரட்டை வேடம் என்று நாம் சொல்கிறோமே, கணக்குப் பார்த்தால் இந்தப் பிள்ளை போட்டது நான்கு வேடம். லல்லி ஒன்று. பப்பி ஒன்று. லல்லி மாதிரி நடிக்கிற பப்பி மூன்றாவது. பப்பி மாதிரி நடிக்கிற லல்லி நான்காவது. இந்த மூன்றாவதும் நான்காவதும்தான் என்னைக் கொள்ளை கொண்டவை. ஏனென்றால் அந்த இடங்களில் பிள்ளை ரொம்ப நன்றாக நடித்துவிட்டாலும் தப்பு. பப்பியாக நடிக்கிற லல்லி அச்சு அசல் பப்பியாகவே ஆகிவிட்டால் நமக்குச் சிரிப்பு வராது, பயமும் வராது. கொஞ்சம் பிசகவும் வேண்டும், அந்தப் பிசகு வீட்டிலிருக்கிற பெரியவர்களுக்குத் தெரியாமல் நமக்கு மட்டும் தெரியவும் வேண்டும். இதைச் செய்வதற்குத் தேர்ந்த நடிகர்களே திணறுவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை செய்துகாட்டியிருக்கிறது!

பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள். லலிதா என்பது லல்லி, பத்மினி என்பது பப்பி. திருவாங்கூர் சகோதரிகளில் மூத்தவர் லலிதா, அடுத்தவர் பத்மினி. அந்தப் பத்மினியை வேண்டியவர்கள் கூப்பிட்டதும் பப்பி என்றுதான். அந்தக் காலத்தில் படம் பார்த்தவர்களுக்கு இரண்டு பெயரையும் சேர்த்துக் கேட்டதுமே அக்கா தங்கை என்று மனதில் பதிந்துவிடும். நடித்த பிள்ளையின் பெயரும் பத்மினியாகவே அமைந்தது இன்னொரு அழகு.

எங்கள் ஊர் அயோத்தியாப்பட்டணம். சேலத்திலிருந்து ஆத்தூர் ரோட்டில் வந்தால் ஊருக்குள் கோதண்டராமர் கோயில். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் ராமர் இங்கேயே பட்டாபிஷேகக் கோலம் காட்டினார் என்பது ஊர்க் கதை. ராமர் கோயில் ஊரில் பிறந்தவர்களுக்கு ஆள்மாறாட்டக் கதை புதிதில்லை. வாலியும் சுக்ரீவனும் மல்லுக்கு நிற்கும்போது யார் வாலி, யார் சுக்ரீவன் என்று ராமருக்கே தெரியாமல், அம்பைத் தொடுக்காமல் நின்றுவிட்டார். பிறகு சுக்ரீவன் கழுத்தில் கொடிப்பூ மாலையைப் போடச் சொல்லித்தான் இரண்டாம் முறை சண்டைக்கு அனுப்பினார். சின்ன வயதில் கோயிலில் கதை கேட்கும்போது அந்த இடம் வந்தால் எனக்குக் காது இரண்டும் நிமிர்ந்துகொள்ளும். சாமிக்கே குழப்பம் வருகிற அளவுக்கு ஒரே மாதிரி இரண்டு பேர்!

சினிமாவிலும் அப்படித்தான், இந்த வித்தை எங்கள் பக்கத்தில்தான் வேர் பிடித்தது. ஏற்காடு போகிற ரோட்டில் இன்றைக்கு நுழைவு வளைவு மட்டும் நிற்கிறதே, மாடர்ன் தியேட்டர்ஸ், அங்கே டி.ஆர்.சுந்தரம் 1940-ல் எடுத்த ‘உத்தமபுத்திரன்’தான் தமிழின் முதல் இரட்டை வேடப் படம் என்று சொல்லப்படுவது. பி.யு.சின்னப்பா நல்ல அண்ணனும் கெட்ட தம்பியுமாக வந்தார். அலெக்ஸாந்தர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதையைச் சேலத்து ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்து இறக்கிவிட்டார் சுந்தரம். இங்கிலாந்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து சினிமா எடுத்த மனுஷன். ஜெர்மன் ஒளிப்பதிவாளர்களை எல்லாம் சேலத்துக்கே வரவழைத்து வேலை வாங்கியவர். அதே 1940-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ‘அவர் கேங்’ வரிசையில் பத்து நிமிடச் சொச்சத்துக்கு ஒரு சிறுவர் நகைச்சுவைப் படம் வந்தது. ‘அல்ஃபால்ஃபாஸ் டபுள்’ என்று பெயர். ஏழைப் பையன் அல்ஃபால்ஃபாவும் அவனைப் போலவே இருக்கிற பணக்காரப் பையனும் இடம் மாறிக்கொள்கிற கதை. அங்கே கார்ல் ஸ்விட்ஸர் என்ற சிறுவன் இரண்டு பேராக நின்றான். இங்கே சேலத்தில் சின்னப்பா இரண்டு பேராக நின்றார். ஒரே வருஷம்! நினைக்க நினைக்க எனக்குப் புல்லரிக்கும்.

அங்கிருந்து இருபத்தைந்து வருஷம் தள்ளி வந்தால் 1965. அந்த வருஷமே ஆள்மாறாட்ட வருஷம் என்று சொல்லிவிடலாம். பொங்கலுக்கு ‘எங்க வீட்டுப் பிள்ளை’. கோழை எம்.ஜி.ஆரும் வீரன் எம்.ஜி.ஆரும் வீடு மாறிப் போகிற படம், தமிழ்நாடே அல்லோலகல்லோலப்பட்டது. அதே பொங்கலுக்கு ‘இரவும் பகலும்’ படத்தில் ஜெய்சங்கர் என்ற புதுமுகம் அறிமுகம். அந்த ஜெய்சங்கர், நவம்பரில் வந்த ‘குழந்தையும் தெய்வமும்’ படத்தில் இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா! தையில் எம்.ஜி.ஆர். தொடங்கி வைத்ததை ஐப்பசி கார்த்திகையில் ஒரு குழந்தை முடித்து வைத்தது. எம்.ஜி.ஆர். படத்தையும் விசில் அடித்துப் பார்க்கிற ஆள்தான் நான். ஆனாலும் மனசைத் தொட்டுச் சொல்ல வேண்டுமென்றால், மேலே நிற்பது குழந்தைதான்.

நான் முதலில் பார்த்தது டூரிங் டாக்கீஸில். கீற்றுக் கொட்டகை, தரையில் மணல். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்துகொள்வோம். ஒரே புரொஜெக்டர்தான் என்பதால் ரீல் மாற்றுகிற ஒவ்வொரு முறையும் இடைவேளை. படம் நின்றதும் முறுக்குக்காரரும் சோடாக்காரரும் உள்ளே வந்துவிடுவார்கள். லல்லியும் பப்பியும் முதன்முதலில் ஒரே திரையில் எதிரெதிரே நின்றபோது, பெண்கள் பக்கத்திலிருந்து “அய்யோ சாமி, ரெண்டு புள்ளைங்க!” என்று கிளம்பிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. என் அம்மா படம் முடிகிறவரை அது நிஜமான இரட்டைப் பிள்ளைகள் என்றே நம்பினார். “ஒரே புள்ளதாம்மா ரெண்டாவும் வருது” என்று அப்பா சொன்னதற்கு, “சும்மா இருங்க, எனக்குக் கண்ணு தெரியாதா?” என்று அடக்கிவிட்டார்.

அம்மா அப்படி நம்பியதற்குக் காரணம் பத்மினி மட்டுமல்ல, கேமராவும்தான். சினிமாக்காரர்கள் இதை மாஸ்க் ஷாட் என்பார்கள். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் எல்லாம் கனவிலும் வராத காலம். லென்ஸுக்கு முன்னால் கறுப்பு மறைப்பு வைத்துச் சட்டத்தின் ஒரு பாதியை மூடிவிடுவார்கள். திறந்திருக்கிற பாதியில் பிள்ளையை நிறுத்தி நடிக்க வைத்து எடுப்பார்கள். பிறகு அதே பிலிமைக் கேமராவுக்குள்ளேயே பின்னால் சுற்றி, எடுத்த பாதியை மூடி, மூடிய பாதியைத் திறந்து, உடையும் தலைமுடியும் மாற்றிக்கொண்டு வந்த அதே பிள்ளையை இந்தப் பக்கம் நிறுத்தி மறுபடி எடுப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் கேமரா மயிரிழை நகரக் கூடாது. வெளிச்சம் மாறக் கூடாது. மேஜைமேல் இருக்கிற டம்ளரை யாரும் தொடக் கூடாது. இத்தனையும் சரியாக இருந்து, பிள்ளை ஒரு எட்டு அதிகமாக வைத்து நடுக்கோட்டைத் தாண்டினால் போச்சு. கை பாதியோடு மறைந்துபோகும், எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

அந்தச் சட்டத்துக்குள் நிற்கிற குழந்தையை நினைத்துப் பாருங்கள். எதிரே ஆள் இல்லை, வெறும் காற்று. அந்தக் காற்றோடு சண்டை போட வேண்டும். அது பதில் சொல்கிற நேரத்துக்கு வாயை மூடிக்கொண்டு கேட்பது மாதிரி முகம் காட்ட வேண்டும். அங்கே வரப்போகிறவள் தன் உயரத்தில்தான் இருப்பாள் என்று கண்ணைச் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு அந்தப் பக்கம் போய், சற்று முன்னால் தானே கொடுத்த கோபத்துக்குத் தானே பதில் கோபம் காட்ட வேண்டும். இரண்டு பிள்ளையும் தொட்டுக்கொள்கிற இடங்களுக்கு அதே உயரத்தில் இன்னொரு குழந்தையை முதுகு தெரிய நிறுத்தி எடுப்பது வழக்கம். ஆனால் கண்ணும் கண்ணும் பார்த்துக்கொள்கிற இடங்களில் பத்மினிக்குத் துணை பத்மினி மட்டும்தான்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு தேடிப் படித்தபோது படத்தின்மேல் இருந்த மரியாதை இன்னும் கூடிப்போனது. எரிக் கெஸ்ட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 1949-ல் எழுதிய சிறுவர் நாவல்தான் மூலம். லூயிஸே, லோட்டே என்ற இரண்டு பெண்கள் கோடை முகாமில் சந்திப்பார்கள். ஒருத்தி வியன்னாவில் அப்பாவிடம், மற்றவள் மியூனிக்கில் அம்மாவிடம். 1933-ல் நாஜிகள் பெர்லினில் புத்தகங்களைக் கொளுத்தினார்களே, அந்த நெருப்பில் கெஸ்ட்னரின் புத்தகங்களும் போயின. கூட்டத்தில் நின்று அவரே அதைப் பார்த்தார். அப்படிப்பட்ட மனிதர்தான் போருக்குப் பிறகு இந்தக் குழந்தைக் கதையை உலகத்துக்குக் கொடுத்தார். பெரியவர்கள் உடைத்துப்போட்ட வீட்டைச் சின்னதுகள் ஒட்டவைக்கிற கதையை அவர் எழுதியது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

1950-ல் ஜெர்மனியில் அதைப் படமாக எடுத்தபோது நிஜமான இரட்டையர்களையே நடிக்க வைத்தார்கள். 1961-ல் டிஸ்னி ‘தி பேரண்ட் ட்ராப்’ எடுத்தபோது ஹேலி மில்ஸ் என்ற ஒரே பெண் இரண்டாக வந்தார். அவர் அப்போது விவரம் தெரிந்த பதின்வயதுப் பெண். நம் ஏ.வி.எம். அதைக் குட்டி பத்மினி தலையில் வைத்தது. என்ன துணிச்சல்! இயக்கியவர்கள் ‘பராசக்தி’, ‘ரத்தக்கண்ணீர்’ எடுத்த கிருஷ்ணன் - பஞ்சு. கதை வசனம் ‘அந்த நாள்’ எழுதிய ஜாவர் சீதாராமன். இந்த மூன்று பேரும் கெஸ்ட்னரின் கதைக்குள் ஒரு மாமியாரைக் கொண்டுவந்து வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் அது நம் ஊர்க் கதை ஆனது. ஜி.வரலட்சுமி புருவத்தை உயர்த்தினால் போதும், வீட்டு மாப்பிள்ளையாக வாழ்க்கைப்பட்ட எத்தனையோ பேருக்கு வயிறு கலங்கியிருக்கும். புருஷனும் பெண்டாட்டியும் தாங்களாக மனம் கசந்து பிரிந்தார்கள் என்று சொல்லியிருந்தால் 1965-ல் எங்கள் ஊர்க் கொட்டகையில் ஒருவர்கூட ஒட்டியிருக்க மாட்டார்கள். மாமியார் பிரித்தார் என்றதும் கொட்டகை முழுக்கப் பிள்ளைகள் பக்கம்.

முதல் பாதியில் காதல், கல்யாணம், மனஸ்தாபம் என்று கொஞ்ச நேரம் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். நாகேஷ் இருக்கிறார், பார்த்துக்கொள்வார். பிள்ளைகள் வந்ததற்கப்புறம் கடிகாரத்தைப் பார்க்கவே தோன்றாது.

பாட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. எம்.எஸ்.விஸ்வநாதன் தனியாக இசையமைக்கத் தொடங்கிய வருஷம் அது. காதலர்கள் கடிதம் எழுதிக்கொள்வதையே பல்லவி, சரணமாக்கி வாலி எழுதிய பாட்டு இந்தப் படத்தில்தான், டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடியிருப்பார்கள். அந்தக் காலத்தில் எத்தனை பேர் அதைப் பார்த்துக் காதல் கடிதம் எழுதப் பழகினார்களோ! ஆனால் என் ஓட்டு, பிரிந்துபோன கோழி சேவலை வைத்துப் பிள்ளை பாடுகிற பாட்டுக்கு. எம்.எஸ்.ராஜேஸ்வரியின் குரல். வளர்ந்த பெண்மணி பாடுகிறார் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது, அப்படியொரு பிஞ்சுக் குரல். குரல் பச்சரிசி மாதிரி வெள்ளையாக இருக்கும். அதற்குள் இருக்கிற துக்கம் மெதுவாகத்தான் நமக்கு உறைக்கும்.

இந்தப் படத்தில் என்னை அசைத்துப் போடுகிற கட்டம் எது தெரியுமா? அம்மாவையே அறியாமல் வளர்ந்த பிள்ளை, அந்த வீட்டுக்குள் போய் அம்மாவை முதன்முதலாகப் பார்க்கிறதே, அந்தக் கட்டம்தான். அந்த அம்மாவுக்கு அது தினமும் பார்க்கிற பிள்ளை. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழ முடியாது. அழுதால் குட்டு வெளிப்பட்டுவிடும். நேற்றும் கூப்பிட்டவள் மாதிரி, நாளைக்கும் கூப்பிடப் போகிறவள் மாதிரி, சாதாரணமாக “அம்மா” என்று கூப்பிட வேண்டும். கதை சிரிப்புக் கதைதான், அந்த நிமிஷமும் சிரிப்புக்கு நடுவில்தான் வருகிறது. பாதி சிரிப்பில் தொண்டை அடைத்துக்கொள்ளும். இரட்டை வேடக் கதைகளில் பெரியவர்கள் இடம் மாறினால் சொத்துக்காக மாறுவார்கள், சிம்மாசனத்துக்காக மாறுவார்கள். இந்தப் பிள்ளைகள் மாறுவது பார்க்கக் கிடைக்காத அப்பாவையும் அம்மாவையும் பார்ப்பதற்காக. எந்த ராஜாக் கதையும் இதன் பக்கத்தில் நிற்காது.

போன கோடை லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள். தெருப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். கல்யாண வீடியோ எடுக்கிற நண்பரிடம் புரொஜெக்டர் வாங்கி வந்து, மொட்டை மாடிச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் போட்டேன். ஆளுக்கொரு தட்டுவடை செட். கறுப்பு வெள்ளைப் படம் என்றதும் முதலில் முகம் சுளித்ததுகள். லல்லியும் பப்பியும் சந்திக்கிற இடம் வந்ததும் தட்டுவடை கடிக்கிற சத்தம் நின்றுபோனது.

“ஃபில்டர் போட்டிருக்காங்க தாத்தா” என்றான் பேரன்.

“அப்பல்லாம் ஏதுடா ஃபில்டர்? நெசமாவே ட்வின்ஸுதான். இல்லீங்களா தாத்தா?” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

நான் வாயே திறக்கவில்லை. இடம் மாறிய பிறகு மாடியே இரண்டு கட்சி ஆகிவிட்டது. “அது லல்லி!”, “இல்ல, பப்பிதான், நடையப் பாரு!” என்று ஒரே கூச்சல். நடையைப் பார் என்றதே அந்தப் பிள்ளை, அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு குழந்தை இத்தனை வருஷத்துக்கு முன்னால் நடையில் வைத்த வித்தியாசத்தை இன்னொரு குழந்தை இன்றைக்குக் கண்டுபிடித்துச் சொல்கிறது! மாமியார் வருகிறபோதெல்லாம் “பாட்டி வருது, ஓடு ஓடு” என்று திரையைப் பார்த்துக் கத்தினார்கள். படம் முடிந்த பிறகுதான் ஒரே பிள்ளைதான் நடித்தது என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. கறுப்பு அட்டையில் ஒரு பாதியை வெட்டி, ஜன்னலில் பிடித்து, மாஸ்க் ஷாட் எப்படி என்று விளக்கிக் காட்டினேன். உடனே “மறுபடி போடுங்க தாத்தா, கோடு எங்க இருக்குன்னு பாக்கோணும்” என்று பிடித்துக்கொண்டார்கள். மறுபடி போட்டேன். கதவு நிலை, தூண், சுவர் விளிம்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டி “இதா கோடு, இதா கோடு” என்று துள்ளியதுகளே தவிர, அழுகிற இடம் வந்தபோது கோட்டை மறந்துவிட்டுப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்ததுகள்.

1965-ஆம் வருஷத்துக்கான சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருதும் இதற்குக் கிடைத்தது. அடுத்த வருஷமே தெலுங்கில் ‘லேத மனசுலு’ என்று எடுத்தார்கள். அதிலும் இரண்டு பிள்ளையும் நம் பத்மினிதான். 1968-ல் ஹிந்தியில் ‘தோ கலியான்’ ஆனது. அதில் பேபி சோனியா என்ற பெயரில் இரண்டு வேடமும் போட்ட குழந்தைதான் பின்னாளில் கதாநாயகியான நீது சிங். அதுவும் நல்ல படம், பார்க்கலாம். ஆனால் லல்லியையும் பப்பியையும் பார்த்த கண்ணுக்கு அது இரண்டாம் பட்சம்தான்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த லீவிலேயே ஒரு சாயங்காலம் உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். தாத்தா பாட்டியையும் கூட உட்காரவையுங்கள், அவர்களுக்குப் பாட்டெல்லாம் மனப்பாடமாக இருக்கும். ஒரே ஒரு வேண்டுகோள்: படம் முடிகிறவரை லல்லியும் பப்பியும் ஒரே பிள்ளைதான் என்று சொல்லிவிடாதீர்கள்.